பத்தொன்பதாம் பெட்டியில் இரண்டு பெயர்

“தம்பி, ஒங்கட கம்பியூட்டர் இன்டைக்கி ரெண்டு கிடாரம் ஏத்தி வச்சீக்கி.”

பாரூக் ஹாஜியார் இதைப் போனில் சொன்னபோது பகல் ஒரு மணி இருக்கும். கண்டி நகரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் காரியாலயத்தில், பாணுக்குள் பருப்பை வைத்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நோன்பு பிடித்திருக்கும் மனிதரோடு வாயில் பாணை வைத்துக்கொண்டு பேசுவது அழகல்ல என்பதால், விழுங்கிவிட்டுப் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானது. அந்தத் தாமதத்தை அவர் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார். அவர் நினைத்ததில் தவறில்லை.

கெலிஓயாவுக்கு அப்பால், பஸ் பாதையிலிருந்து கீழே இறங்கிப் போனால் வரும் ஒரு பள்ளிவாசலின் செயலாளர் அவர். நோன்பு மாதத்தில் அங்கே நாள்தோறும் கிடாரம் என்கிற அந்த ஆள் உயரப் பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சி, அசர் என்கிற பிற்பகல் தொழுகை முடிந்ததும் ஊருக்கே ஊற்றிக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு குடும்பத்தின் பொறுப்பு. அரிசி, தேங்காய், இறைச்சி, விறகு எல்லாம் அந்தக் குடும்பம் கொண்டுவரும். எந்த நாள் யாருக்கு என்ற பட்டியல் நான் எழுதிய கணினி நிரலில் இருந்தது. முந்தின நாளே அது அந்தக் குடும்பத்துக்கு மெசேஜ் அனுப்பிவிடும்.

அன்று பத்தொன்பதாம் நோன்பு. இரண்டு குடும்பங்கள் அரிசியோடு வந்து நின்றன.

“ரெண்டு பேரும் ஒங்கட மெசேஜத்தான் காட்டுறாங்க. ஒத்தரும் போற மாதிரி இல்ல. அசருக்கு மொதல்ல திருத்துங்க தம்பி. நான் மைக்குல ஒரு பேர்தான் வாசிப்பன்.”

“நேர்லயே வந்து பாக்கிறேன் ஹாஜியார்” என்றேன்.

கண்டியில் பஸ் இருக்கைக்குச் சண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி இலக்கத்துக்குச் சண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘நான்தான் கொடுப்பேன், நீ கொடுக்காதே’ என்று மனிதர்கள் சண்டை பிடிப்பதற்கு என் நிரல்தான் காரணம் என்று கேட்டபோது, உள்ளுக்குள் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

என் தொழிலின் மகிமை

நான் பிஎச்பி எழுதுகிறவன். இணையத்தளங்களுக்குப் பின்னால், சேர்வர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் மொழி அது. வத்தேகமவில் எங்கள் அயலவர்களுக்கு இதை விளக்கப் பல வருடம் முயன்று தோற்றேன். கம்பியூட்டர் வேலை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று முடிவுகட்டி, பழுதான மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இரண்டைத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். என் தொழில் வாழ்க்கையில் முகத்துக்கு நேரே நன்றி கிடைத்தது அந்த இரண்டு விசிறிகளுக்குத்தான்.

காரியாலயத்தில் நாங்கள் மூன்று பேர். முதலாளி பெரும்பாலும் கொழும்பில் இருந்தார், அல்லது கொழும்புக்குப் போகும் வழியில் இருந்தார். மீதி நானும் சுகந்தியும். சுகந்தி யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து கண்டியிலேயே நின்றுவிட்டவர். பிஎச்பி என்ற சொல்லைக் கேட்டாலே, பழைய மீனை முகர்ந்தவர் மாதிரி ஒரு முகம் வைப்பார்.

“நீர் இன்னும் உதிலயே எழுதுறீர்?” என்று வாரம் ஒரு தரமாவது கேட்பார்.

“ஆமா” என்பேன்.

“உம்மைக் கடவுள்தான் காப்பாத்த வேணும்.”

எங்கள் இணையத் தொடர்பைக் கூரை வழியாக வரும் குரங்குகள் மாதத்துக்கு இருமுறை அறுத்துவிடும். அப்போது சுகந்தியின் நவீன மொழியும் என் பழைய மொழியும் ஒரே மாதிரி வேலை செய்யாமல் கிடக்கும். உண்மையான சமத்துவத்தை நான் கண்டது அந்த நேரங்களில்தான்.

இனி, இந்தக் கதைக்குத் தேவையான ஒரே ஒரு தொழில்நுட்பம். பயப்பட வேண்டாம், தபால் கந்தோரில் கடிதம் பிரித்துப் போடும் பெட்டி வரிசையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பெட்டிக்கு ஓர் இலக்கம், பெட்டிக்குள் ஒரு பொருள். இப்படிப்பட்ட வரிசையை நாங்கள் அரே என்போம். பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் அணி என்று இருக்கும். கஞ்சிப் பட்டியலும் அப்படித்தான்: முப்பது பெட்டி, முப்பது பெயர்.

உள்ளே இருப்பதை மாற்ற ‘அரே ரிப்ளேஸ்’ என்று ஒரு கட்டளை உண்டு. பழைய வரிசையையும் மாற்றங்களையும் கொடுத்தால், எங்கெல்லாம் இலக்கம் பொருந்துகிறதோ அங்கெல்லாம் பழைய பெயரை எறிந்துவிட்டுப் புதிய பெயரை உட்காரவைக்கும். எறிந்த பெயர் எங்கே போயிற்று என்று கேட்காது. எறியலாமா என்றும் கேட்காது. நாட்டில் பல பெரிய கதிரைகளில் இருப்பவர்கள் செய்யும் வேலையை, அவர்களைவிட வேகமாகவும் வாகனம் கேட்காமலும் செய்யும்.

பூச்சியமாம் நோன்பு

பள்ளிவாசல் வேலை எங்களுக்குக் கிடைத்தது ஹாஜியாரின் முற்போக்கால். அதுவரை பட்டியல் ஒரு நீளக் கொப்பியில் இருந்தது. மகளுடைய வீட்டில் நின்றுவிட்டு வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், “அங்க எல்லாம் போனுலதான்” என்று அறிவித்துக் கொப்பியை என்னிடமே தந்துவிட்டார். அவருடைய கண்ணுக்காகப் பெரிய எழுத்தில் ஒரு பக்கம் செய்துகொடுத்தேன். தினமும் அசருக்குப் பிறகு அதைப் பார்த்து, இன்றைய கஞ்சி யாருடைய பெயரில் என்று ஒலிபெருக்கியில் வாசிப்பார். இறந்தவர்களுக்காகக் கொடுப்பவர்களே அதிகம் என்பதால், அநேகமாக அது ஒரு மர்ஹூமின் பெயராக இருக்கும். காலமானவர்களை அவர்கள் அப்படித்தான் குறிப்பிடுவார்கள்.

முதல் வருடம் நான் பெட்டிகளுக்கு இலக்கம் போட மறந்தேன். நீங்கள் போடாவிட்டால் பிஎச்பி தானே போட்டுக்கொள்ளும், பூச்சியத்திலிருந்து. ஆகவே முதல் நாள் ஹாஜியாரின் போனில் ‘0ஆம் நோன்பு’ என்று வந்தது.

“தம்பி, அப்பிடி ஒண்டு மார்க்கத்துல இல்ல” என்றார், மிகவும் பொறுமையாக.

அடுத்த வருடம் அதைவிட அழகாகச் சொதப்பினேன். நோன்பு எந்த நாளில் தொடங்கும் என்பது முந்தின மாலை பிறை தெரிவதைப் பொறுத்தது. நான் அதையெல்லாம் வானத்திடம் விடாமல், கலண்டரைப் பார்த்துத் திகதியை நானே எழுதிவைத்தேன். அன்று மாலை கண்டியைச் சுற்றி ஒரே மேகம். பிறை தெரியவில்லை என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகும் என் நிரல் சளைக்காமல் முதலாவது குடும்பத்துக்கு ‘நாளைய கஞ்சி உங்களுடையது’ என்று மெசேஜ் அனுப்பியது.

“நாட்டுல ஆருக்கும் தெரியாத பிற ஒங்கட கம்பியூட்டருக்கு மட்டும் தெரிஞ்சீக்கி” என்றார் ஹாஜியார். “கண்ணு நல்லம்.”

அதற்குப் பிறகுதான் திகதியை விட்டுவிட்டு நோன்பு இலக்கத்தையே பெட்டி இலக்கமாக வைத்தேன். ஒன்று முதல் முப்பது வரை. முதல் நோன்பு எதுவென்று ஹாஜியார் ஒரு பொத்தானை அழுத்திச் சொல்வார், மற்றவை தானாகப் போகும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் முப்பதாம் பெட்டி ஒன்று இருந்தது.

நோன்பு சில வருடம் முப்பது நாள், சில வருடம் இருபத்தொன்பது. இருபத்தொன்பதாம் நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். அந்த வருடம் முப்பதாம் பெட்டிக்காரருக்குக் கஞ்சி கொடுக்கும் வாய்ப்பே இல்லை. மற்ற நாட்கள் எல்லாம் பரம்பரையாக வருபவை, ஒரு குடும்பமும் விட்டுக்கொடுக்காது. ஆகவே புதிதாகக் கேட்டு வருபவரை முப்பதில் போடுவார்கள். நடுவில் ஒரு நாள் காலியானால் முப்பதில் இருப்பவர் அங்கே ஏறுவார். இதுதான் வழக்கம். வழக்கம் என்பதால் எங்கும் எழுதியிருக்கவில்லை, நானும் அறிந்திருக்கவில்லை.

ஒரு பெயர் போடுங்க

மூன்றாம் வருடம், பத்தொன்பதாம் நாளை வைத்திருந்த குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. ஹாஜியார் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார்: பத்தொன்பதில் றிஸ்வான் முதலாளியைப் போடுங்கள். றிஸ்வான் முதலாளி இரும்புக் கடை வைத்திருப்பவர், ஹாஜியாரின் சகலன். நான் ஒரே வரியில் மாற்றினேன். பழைய பெயர் போயிற்று, புதிய பெயர் வந்தது. தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

நோன்பு பாதி கடந்தபோது ஒரு முற்பகல், ஒரு பெண்மணி எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்கியபடி ஏறி வந்தார். அறுபது வயதிருக்கும். சுகந்தி வழக்கம்போல “தேத்தண்ணி போடட்டே அம்மா?” என்று கேட்டு, கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பாதி தின்ற பணிஸை மேசை லாச்சிக்குள் தள்ளினேன்.

“நீங்கதான் கஞ்சிக் கம்பியூட்டர் மகனா?” என்றார் அவர்.

பட்டதாரிச் சான்றிதழை எடுத்துவந்து எரித்துவிடலாம் போலிருந்தது. “ஆமாங்கம்மா, உக்காருங்க” என்றேன்.

அவர் பெயர் ஹபீபா உம்மா. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். அவருடைய கணவர் அந்தப் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சியவர். ஊரில் ‘கஞ்சி நானா’ என்றால் தெரியாதவர் இல்லை. ஒரு முப்பது வருடம், நோன்பு மாதம் முழுவதும், அடுத்தவர்கள் பெயரில் கிடாரம் கிண்டினார். தன் பெயரில் ஒரு நாள் கேட்க அவருக்குக் கூச்சம். அவர் காலமானதும் ஹபீபா உம்மா போய்க் கேட்டார். முப்பதில் போட்டார்கள்.

“மூணு வருசம் மகன். மொத வருசம் இருவத்தொம்பதுலயே பிற. அடுத்த வருசம் முப்பது வந்தது, ஆனா அன்டைக்கி ஊரடங்கு, பள்ளியே பூட்டு. போன வருசமும் இருவத்தொம்பது. ஒவ்வொரு வருசமும் அரிசி, தேங்கா எல்லாம் எடுத்து வச்சிட்டுத்தான் பிறைய பாக்கிற. ஊரே பெருநாள் எண்டு சந்தோசப்படுது, நான் மட்டும் தெரியாமப் போகட்டும் எண்டு நிக்கிற. அது பாவமில்லயா?”

சுகந்தி தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது.

“பத்தொம்பது காலியாகீக்கி எண்டு சென்னாங்க. முப்பதுல ஈக்கிறவங்கதான் ஏறோணும். ஹாஜியாரக் கேட்டேன். கம்பியூட்டருல போட்டாச்சி, இனி மாத்த ஏலா எண்டார். அது மெய்தானா மகன்?”

என் தொழிலைப் பற்றி இத்தனை வருடத்தில் சொல்லப்பட்ட மிகப் பெரிய பொய் அதுதான். மாற்றுவதைத் தவிர என் நிரல் வேறொன்றும் செய்யாது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த ஒரு வரியை எழுதியபோது அந்த இடத்துக்குக் காத்து நிற்பவர் யார் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கட்டளைக்குத்தான் கேட்கத் தெரியாது, எனக்குத் தெரியும்.

“அவர எடுத்துட்டு உங்களப் போடச் சொல்றீங்களா?” என்றேன்.

“அய்யோ வாணாம்” என்றார் அவர். “ஒத்தர்ட நன்மயப் பறிச்சா எங்கட ஆளு கவுருக் குழிக்குள்ள நிம்மதியாப் படுக்க மாட்டாரு. எடுக்காம செய்ய ஏலுமா?”

பெட்டிக்குள் பெட்டி

அவர் போன பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் பெட்டியில் ஒரு பெயர்தான் இருக்கலாம். றிஸ்வானை எடுத்தால் ஹபீபா உம்மா, ஹபீபா உம்மாவை விட்டால் றிஸ்வான்.

“ஏன் பெட்டிக்குள்ள பெயரை வைக்கிறீர்?” என்றார் சுகந்தி, திரும்பாமலே. “பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி வரிசையை வையும். அதுக்குள்ள எத்தினை பேரையும் வைக்கலாம். உமக்கு அதுகூடத் தெரியாதோ?”

தெரியும். முதல் வருடமே படித்தது. ஓர் அரேயின் உள்ளே இன்னொரு அரே. சந்தைக்கு ஒரு பெரிய பையையும் அதற்குள் இரண்டு சின்னப் பைகளையும் கொண்டுபோகிற எவருக்கும் தெரிந்த விஷயம். கொப்பியில் ஒரு கோட்டில் ஒரு பெயர் இருந்ததால், கம்பியூட்டரிலும் ஒரு பெயர்தான் என்று நான் நம்பியிருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு பெயர் என்பது மார்க்கச் சட்டமும் அல்ல, பிஎச்பி சட்டமும் அல்ல. கொப்பியின் கோட்டுக்கு இருந்த அகலம், அவ்வளவுதான்.

மாற்றினேன். ஆனால் ஹாஜியாரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். பதினெட்டாம் நோன்பன்று இரண்டு பேருக்கும் மெசேஜ் போயிற்று. தைரியமான மனிதன் என்றால் அப்போதே போன் எடுத்துச் சொல்லியிருப்பான். நான் மறுநாள் பகல் ஒரு மணிக்கு அவராகப் போன் எடுக்கும்வரை காத்திருந்தேன்.

அசருக்கு முன்

கெலிஓயா பஸ் பேராதனையில் வழக்கம்போல உறங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசலின் பின்புறக் கொட்டிலில் இரண்டு கிடாரமும் கொதித்துக்கொண்டிருந்தன. ரம்பை இலை, வெந்தயம், இஞ்சி, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்த மணம் பாதைவரை வந்தது. ஒன்றில் இறைச்சி நிறையப் போட்டு ஒரு சமையல்காரர் கிண்டினார். மற்றதை ஹபீபா உம்மா தானே கிண்டிக்கொண்டிருந்தார். கண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், தெரிந்தவர் போலக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய உபகாரம் அன்று யாரும் செய்யவில்லை.

ஹாஜியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். “திருத்தியாச்சா?”

மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கள் தொழிலின் ஆகப் பழைய பொய்யைச் சொன்னேன். “இப்ப கை வைக்கக் கூடாது ஹாஜியார். வச்சா முப்பது பேரோட பேரும் போயிடும்.”

“முப்பதுமா?”

“முழுசா.”

கொப்பியை ஏன் கொடுத்தோம் என்று அவர் முகத்தில் ஓடியதை நன்றாகப் பார்க்க முடிந்தது. பக்கத்தில் நின்ற றிஸ்வான் முதலாளி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். அவரை நான் ஒரு வில்லனாகவே மனத்தில் வைத்திருந்தேன். நேரில் பார்த்தால் வெயிலில் வாடிய ஒரு மனிதர்.

“ஹபீபா ராத்தாக்கு முப்பது ஈந்தது எனக்குத் தெரியா” என்றார் என்னிடம். “ஒரு நாள் காலி எண்டார், சரி எண்டேன். ஏன் தம்பி, ரெண்டு கிடாரம் ஈந்தா ஊருக்குக் கூடக் கெடைக்கும்தானே, அதுல என்ன பிழ?”

“ஒரு நாளைக்கி ஒரு பேர்தான்” என்றார் ஹாஜியார். “எப்பவும் அப்பிடித்தான்.”

அசர் முடிந்தது. கேத்தல், சட்டி, டிபன் கரியர், பிளாஸ்ரிக் வாளி என்று கையில் கிடைத்ததோடு வரிசை பாதைவரை நீண்டது. நாலைந்து சிங்கள வீட்டுக்காரர்களும் எங்கள் தமிழ் ஆட்களும் அதில் நின்றார்கள், கஞ்சிக்கு யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. ஹாஜியார் மைக்கை எடுத்து, போனைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்தார். றிஸ்வான் முதலாளியின் காலஞ்சென்ற தந்தையின் பெயரை வாசித்தார். நிறுத்தினார். இரண்டாவது பெயர் பெரிய எழுத்தில் அவர் முன்னால் இருந்தது.

“வாசிங்க” என்றார் றிஸ்வான் முதலாளி. “போனுல ஈக்குதே.”

போன் பிழை விடாது என்று ஊரெல்லாம் மூன்று வருடமாகச் சொல்லி வைத்தவர் ஹாஜியார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். “மர்ஹூம் செய்யது முகம்மது காசிம்.”

வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிழவர் ஒருவர், “ஆரு அது? வெளியூரா?” என்று கேட்டார். முப்பது வருடம் அந்த மனிதர் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள் அத்தனை பேர் நின்றார்கள், ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. கொட்டிலில் ஹபீபா உம்மா அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள்மேலா, என்மேலா என்று தெரியவில்லை. முப்பதாம் பெட்டியில் ‘ஹபீபா உம்மா’ என்று மட்டுமே இருந்தது; நானும் அந்த மனிதரின் முழுப் பெயரைக் கேட்டது, பத்தொன்பதாம் பெட்டிக்குள் போடுவதற்குத் தேவைப்பட்டபோதுதான்.

ஹாஜியார் வரிசையைப் பார்த்தார். பிறகு கொட்டிலைப் பார்த்தார். மைக்கைக் கீழே வைக்கப் போனவர் மறுபடி வாய்க்கு அருகில் கொண்டுவந்தார்.

“செய்யது முகம்மது காசிம் எண்டது எங்கட கஞ்சி நானா” என்றார். போனைப் பார்க்கவில்லை. “இன்டைக்கி கஞ்சி அவர்ட பேருல.”

பிறகு அந்தக் கிழவர் தன் கேத்தலைத் தூக்கிக்கொண்டு, இறைச்சிக் கிடாரத்தை விட்டு, ஹபீபா உம்மாவின் பக்கம் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் வரிசையும் நகர்ந்தது. ஹபீபா உம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்துவிட்டு முதல் அகப்பையை ஊற்றினார். எனக்கு அழுகை வந்தது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

முப்பது

அந்த வருடமும் இருபத்தொன்பதாம் நாளே பிறை தெரிந்தது.

பெருநாளுக்கு மறுநாள் ஹாஜியார் போன் எடுத்தார். வட்டிலப்பம் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். பிறகு, கை வைத்தால் முப்பதும் போய்விடுமா என்று கேட்டார்.

“இல்ல ஹாஜியார். இனிப் போகாது.”

“இனிப் போகாது” என்று அவரும் சொன்னார். அன்றே புரிந்துகொண்டிருக்கிறார் என்று அந்தக் குரலில் தெரிந்தது. “அப்ப ஒரு வேல செய்ங்க. பத்தொம்பதுல ரெண்டு பேரும் இருக்கட்டும். முப்பதாம் பெட்டிய எடுத்துருங்க.”

“அதுல வேற யாரப் போடணும்?”

“ஆரயும் போட வாணாம். வருமோ வராதோ தெரியாத நாள ஒத்தருக்குக் குடுக்கிறது குடுக்கிறதா? பெட்டியே வாணாம்.”

“முப்பது வந்துச்சுன்னா ஹாஜியார்? கஞ்சிக்கு என்ன செய்வீங்க?”

“வந்தா” என்றார், “நான் கிண்டுறன்.”